மரத்துல நம்பர், புத்தகத்துல பேரு

'வாட்டர்ப்ரூஃப்'னு பேனா மேல அச்சடிச்சு விக்கிறாங்க பாருங்க, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருது. பொய்னு சொல்லிட முடியாது. தண்ணியில கரையாதுதான். ஆனா நம்ம ஊர்ல செடிக்கு எழுதி வெச்ச பேரை அழிக்கிறது மழை இல்லீங்க, வெயில். பழியை மட்டும் மழை மேல போட்டுட்டு, அடுத்த தடவை இன்னும் கெட்டியான பிளாஸ்டிக் அட்டையாப் பார்த்து வாங்கிட்டு வர்றோம். சில மாசம் போனதும் பார்த்தா அட்டை பளிச்சுனு நிக்கும், எழுத்து மட்டும் இருக்காது. வரிசையா நாலு வெள்ளை அட்டை. எது டி24, எது முசாங் கிங், எது சும்மா கம்பத்து டுரியான்? கன்னுக்கிட்டயே கேட்டுக்க வேண்டியதுதான்.

விஷயம் என்னன்னா, சாதாரண மார்க்கர் பேனா மையில இருக்கிறது சாயம். ஆல்கஹால்ல கரைஞ்ச சாயம். எழுதின உடனே ஆல்கஹால் ஆவியாயிடும், சாயம் ஒட்டிக்கும், அதுக்கப்புறம் தண்ணி ஊத்தினாலும் போகாது. ஆனா வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் அந்தச் சாய மூலக்கூறையே உடைச்சுப் போட்டுடும். மூலக்கூறு உடைஞ்சா நிறம் போச்சு. கறுப்பு முதல்ல ஊதாவா மாறும், அப்புறம் வெளிறின பழுப்பு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. இதுக்கு நேர் எதிரா, பள்ளிக்கூடப் பிள்ளைங்க வெச்சிருக்கிற 2பி பென்சிலைப் பாருங்க. அதுல இருக்கிறது கிராஃபைட், அதாவது வெறும் கரி. வெயில் உடைக்கிறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. பிளாஸ்டிக் அட்டையை உப்புத்தாள் போட்டு லேசாத் தேச்சு சொரசொரப்பாக்கிட்டுப் பென்சில்ல எழுதினா, மார்க்கர் எழுத்து காணாமப் போன பிறகும் அது வருஷக்கணக்கா நிக்கும். இவ்வளவு மலிவான ஒண்ணு ஜெயிக்கும்னு நம்ப மனசு வராது. அதனாலதான் யாரும் அதைத் தொடுறதில்ல. (எண்ணெய் பெயின்ட் பேனாவும் பரவாயில்ல. அதுல இருக்கிறது கரையாத நிறமித் தூள், சாயம் மாதிரி சீக்கிரம் வெளுக்காது. ஆனா மூடியைச் சரியா மூடாம வெச்சா பேனாவே செத்துடும்.)

ஒரு லேபிள்ல மூணு பாகம் இருக்கு: எழுத்து, கட்டு, தகடு. எழுத்து முதல்ல சாகும், கட்டு அடுத்தது, தகடு கடைசியில. நாம காசு செலவழிக்கிற வரிசை இதுக்கு அப்படியே தலைகீழ். தகட்டுக்குத்தான் கடை கடையா ஏறி இறங்கறோம். எழுத்துக்கு மேசை மேல கிடக்கிற ஏதோ ஒரு பேனா, கட்டறதுக்கு ரொட்டிப் பாக்கெட்டைச் சுத்தியிருந்த கம்பி. நான் இங்கே சொல்ல வர்றது இதுதான்: நீடிச்சு நிக்கிற லேபிள்ங்கிறது கடையில விக்கிற பொருள் இல்ல, அது ஒரு ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை நம்ம பேராக் மாநிலத்துத் தோட்டங்கள் நூறு வருஷமாச் செஞ்சு காட்டியிருக்கு. நாமதான் கவனிக்கல.

தகட்டைச் சீக்கிரம் முடிச்சுடறேன். ஐஸ்கிரீம் குச்சி மண்ணும் காத்தும் சந்திக்கிற இடத்துல மக்கும், மிச்சத்தைக் கரையான் பாத்துக்கும். லேமினேட் பண்ணின காகிதம் நம்ம மழைக்குத் தாங்காது. (ஈப்போவை விடுங்க, தைப்பிங்ல வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டரைத் தொடுற மழை.) ஓரத்துல ஒரு மயிரிழை திறந்தா போதும், ஈரம் உள்ள போய் பூஞ்சை பூத்துடும். மலிவு பிளாஸ்டிக் வெயில்ல காய்ஞ்சு மொறுமொறுன்னு ஆகி, தொட்டா ஒடியும். கிந்தா பள்ளத்தாக்கு உலகத்துக்கே ஈயம் தோண்டிக் கொடுத்த இடம்தான், ஆனா கெட்டிப்பால் டின்னை வெட்டி லேபிள் பண்றவங்களுக்கு அந்தப் பெருமை உதவாது. டின்ங்கிறது இரும்பு, மேல ஈயம் ஒரு பூச்சு அவ்வளவுதான். கத்திரி பட்ட ஓரத்துல இரும்பு வெளிய தெரியும், அங்கேயே துரு ஆரம்பிச்சுடும். சிம்பாங் பூலாய் பக்கம் வெட்டற பளிங்குக்கல்லு துண்டு அழகுதான். ஆனா அதுல பேர் பொறிக்க ஆள் வேணும், ஒரு புல்வெட்டி மிஷின் போனா கல்லு ஒரு பக்கம், செடி ஒரு பக்கம்.

மிஞ்சி நிக்கிறது அலுமினியம். அதுவும் காசு கொடுத்து வாங்க வேண்டாம், குடிச்சுத் தூக்கிப் போடற கேன் போதும். மேலயும் கீழயும் வெட்டி எடுத்துட்டா நடுவுல ஒரு மெல்லிய தகடு கிடைக்கும். காகிதம் கணக்கா கத்திரி போகும், ஆனா ஓரம் விரலை அறுக்கும், அதனால நாலு பக்கமும் ஒரு மடிப்பு மடிச்சு நகத்தால அழுத்திடணும். பழைய நாளிதழ் நாலஞ்சு மடிப்பு கீழ வெச்சு, மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால வெள்ளிப் பக்கத்துல அழுத்தி எழுதணும். மை இல்லாத பேனாதான் வேணும், ஏன்னா நாம எழுதல, பள்ளம் போடறோம். கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவினா எழுத்து தட்டுப்படணும், அதுதான் அளவு. நிறமே இல்லாத எழுத்தை வெயில் என்ன பண்ணும்? அலுமினியம் தன் மேல தானே ஒரு ஆக்சைடு படலம் போர்த்திக்கிறதால துருவும் அரிக்காது. நம்ம ஈரத்துக்குப் பச்சைப் பாசி வந்து மூடும், மூடட்டும். கட்டைவிரலால ஒரு தேய் தேய்ச்சா மேட்டுல இருக்கிற பாசி போயிடும், பள்ளத்துல இருக்கிறது தங்கிடும், எழுத்து முன்னைவிட நல்லாவே தெரியும். பாசிக்கு நாம சம்பளம் வேற கொடுக்கல.

அடுத்தது கட்டு. இங்கதான் லேபிள் மரத்தையே கொன்னுடற அபாயம் இருக்கு. கன்னு வாங்கும்போது விரல் தடிப்புல இருக்கிற தண்டைச் சுத்தி இறுக்கமா ஒரு கம்பி. தண்டு தடிக்கும், கம்பி தடிக்காது. இலை சமைக்கிற சாப்பாடு பட்டைக்கு அடியில இருக்கிற குழாய்கள் வழியாத்தான் வேருக்கு இறங்கணும். கம்பி அந்த வழியை நெரிச்சுடும். கம்பிக்கு மேல வீங்கும், கீழ மெலியும், ஒரு பலத்த காத்துல அங்கேயே முறியும். பேரு மட்டும் பத்திரமா கம்பியில தொங்கும். அதனால கம்பியைப் பென்சில் மேல சுத்தி ஸ்பிரிங் மாதிரி ஆக்கி, தண்டைவிட ரெண்டு மூணு மடங்கு பெரிய வளையமா விடறது நல்லது. பெரிய மரம்னா அலுமினிய ஆணி, அதையும் முழுசா அடிக்காம பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி விடணும். மரம் தடிக்கத் தடிக்க டேக் ஆணியோட வெளிப்பக்கமா நகர்ந்துக்கும், இல்லைன்னா பட்டை அதை விழுங்கிடும். நெகிரி செம்பிலான்ல இருக்கிற பாசோ காட்டுல, 1980-கள் நடுவுல ஆரம்பிச்சு 50 ஹெக்டேர் நிலத்துல ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்கு மேல இருக்கிற எல்லா மரத்தையும் எண்ணி வெச்சாங்க. மூணு லட்சத்துக்கு மேல மரம், ஒவ்வொண்ணுக்கும் தனி எண். இந்த மாதிரிக் கணக்கெடுப்புக்கு உலகம் முழுக்கப் பொதுவாப் பயன்படுத்தறது நம்பர் குத்தின அலுமினியத் தகடு, சின்னதுக்குத் தொளதொளன்னு ஒரு கயிறு, பெருசுக்கு ஆணி. அதுல இனத்தோட பேரு கிடையாது, வெறும் எண்தான். இதை நல்லா மனசுல வெச்சுக்குங்க.

ஏன்னா தோட்டத்துக் கிராணியும் கிட்டத்தட்ட அதேதான் பண்ணினார். மரத்துலயும் நிரை ஓரத்துப் பலகையிலயும் இருந்தது சின்னதா நாலு விஷயம்: வயல் எண், நட்ட வருஷம், ஏக்கர், மர ரகம். மத்தது அத்தனையும் ஆபீஸ் புத்தகத்துல. பலகையைக் கரையான் தின்னா புதுப் பலகை வரும், புத்தகம் அங்கேயேதான் இருக்கும். கோலகங்சார்ல வேலி போட்டு நிக்கிற அந்தக் கிழட்டுப் பால்மரத்தை எடுத்துக்குங்க. 1876-ல விக்காம்ங்கிற ஆங்கிலேயர் பிரேசில்ல இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதை, அதுல முளைச்ச கன்னுல பெரும்பகுதி இலங்கைக்கு, 22 கன்னு 1877-ல சிங்கப்பூருக்கு, அதுல ஒன்பது கோலகங்சார்ல இருந்த பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ வீட்டுத் தோட்டத்துக்கு. இந்த வழியை நாம இன்னைக்கு ஒப்பிக்க முடியுதுன்னா அதுக்குக் காரணம் மரத்தடியில இருக்கிற பலகை இல்ல. பலகை ரொம்பப் பிந்தி வந்தது. அனுப்பினவங்களும் வாங்கினவங்களும் எழுதி வெச்ச கடிதமும் அறிக்கையும்தான் காரணம்.

அப்புறம் ஒட்டுக்கன்னு காலம் வந்தது. ஒரு தோட்டத்துல ஆயிரக்கணக்கான மரம் நிக்கும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு பால் கொடுக்கும். அதிகம் கொடுக்கிறதை அடையாளம் வெச்சு, அளந்து, எழுதி, அதோட மொட்டை எடுத்து ஒட்டிப் பெருக்கினாங்க. மரத்துல அடையாளம் இல்லைன்னா இந்த வேலையே நடந்திருக்காது. பிபி 86-னு தோட்டத்துல வளர்ந்த பெருசுங்க இன்னைக்கும் சொல்வாங்க. பிபின்னா பிராங் புசார், சிலாங்கூர்ல இருந்த தோட்டம். அந்தத் தோட்டம் இப்ப எங்க? அதுக்கு மேல புத்ராஜெயா நிக்குது. பிபி 86-க்கும் ஜாவாவுல இருந்து வந்த ஜிர் 1-க்கும் பிறந்ததுதான் ஆர்ஆர்ஐஎம் 600. அந்தப் பேரை வெச்ச ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-ல ஆரம்பிச்சது, 1998-ல ரப்பர் வாரியத்துக்குள்ள கலந்துடுச்சு. தோட்டம் போயாச்சு, கழகம் வேற பேருக்குள்ள போயாச்சு, ஆனா தாய்லாந்துல, கேரளாவுல நர்சரிக்காரங்க இன்னும் ஆர்ஆர்ஐஎம் 600-னு எழுதி விக்கிறாங்க. நாலு எழுத்து, ஒரு எண். எந்தத் தகடும் இவ்வளவு நாள் உழைச்சதில்ல.

இதுல கசப்பான பக்கம் ஒண்ணு இருக்கு, சொல்லாம போகக் கூடாது. கம்பெனி மரத்துக்குத் தாய் தகப்பன் பேரு, பிறந்த ஊரு, நட்ட வருஷம் எல்லாம் பதிவு. லயத்துக்குப் பின்னாடி ஜனங்க நட்ட மாமரம், பலா, எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு ஒண்ணும் கிடையாது. யார் எந்த ஊர்ல இருந்து கொண்டு வந்த கொட்டை, எந்த ரகம், எதுவும் எங்கேயும் எழுதல. தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்பவும், செம்பனைக்கு மாத்தினப்பவும், வீடமைப்புக்குக் கொடுத்தப்பவும் லயம் போச்சு, அதோட அந்த மரங்களும் போச்சு. பிபி 86 மாதிரி ஒட்டிப் பெருக்கித் திரும்பக் கொண்டுவர வழியில்ல, ஏன்னா எதைத் தேடறதுன்னே தெரியாது. எழுத நேரமும் நிலத்துல உரிமையும் இல்லாத ஜனங்களை இதுக்குக் குத்தம் சொல்றது அநியாயம். ஆனா இப்ப தாமான் வீட்டுக் கொல்லையில பத்தடி நிலமாவது நம்ம பேர்ல இருக்கு. அங்க நிக்கிற மரத்துக்குக்கூட நாம கிராணியா இருக்கலைன்னா எப்படி?

"முருங்கைக்கும் வாழைக்கும் எவன் லேபிள் போடுவான்?"னு கேப்பீங்க. நியாயம். முருங்கைக்கு லேபிள் போடற ஆளு இன்னும் பிறக்கல. வெண்டை, கத்தரி, மிளகாய்க்கும் நான் சொல்ற பாடு தேவையில்ல, மூணு நாலு மாசத்துப் பயிருக்கு ஐஸ்கிரீம் குச்சியே ஜாஸ்தி. லேபிளோட ஆயுசு செடியோட ரகசியம் வெளிப்படற நாள் வரைக்கும் வந்தா போதும். டுரியான் ஒட்டுக்கன்னு காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும், அதுவரைக்கும் எல்லாக் கன்னும் ஒரே முகம்தான். விவசாய இலாகா பட்டியல்ல டி24 ஏறினது 1937-ல, முசாங் கிங் டி197-ஆ ஏறினது 1993-ல, ஓச்சி டி200-ஆ ஏறினது 2015-ல. கன்னு வயசுல இந்த மூணையும் பார்த்த உடனே பிரிச்சுச் சொல்ல அனுபவக் கண்ணு வேணும், நமக்கு இருக்கிறது வெறும் ஆசை. தம்பூன் பம்ப்ளிமாஸும் அப்படித்தான், மாமரமும் அப்படித்தான். காத்திருக்கிற காலம் நீளமா இருக்கிற மரத்துக்குத்தான் இந்த வேலை.

"கைப்பேசியில போட்டோ எடுத்து வெச்சா தீர்ந்தது"ங்கிறது அடுத்த கட்சி. எடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா கன்னுகளோட போட்டோவுல கன்னுதான் இருக்கும், பேரு இருக்காது. எது எந்த மூலையில நின்னதுன்னு அஞ்சு வருஷம் கழிச்சுச் சொல்லப் பின்னணியில அடையாளமா இருந்த வேலியும் மாறியிருக்கும், கைப்பேசியும் ரெண்டு தடவை மாறியிருக்கும். நம்பர் டேக் தெரியற மாதிரி எடுத்தா அது வேற கதை, அப்ப அது புத்தகத்துக்கு நகல். சின்னச் சதுரக் கட்டம் போட்ட கியூஆர் ஒட்டறவங்களும் உண்டு. கொஞ்சம் வெளுத்தா, ஓரம் கிழிஞ்சா இயந்திரம் படிக்க மாட்டேன்னுடும். பாதி அழிஞ்ச '7'-ஐ மனுஷன் '7'-னு படிச்சுடுவான்.

கேன் தகடு அசிங்கமா இருக்குன்னு சொன்னா ஒத்துக்கறேன். வாசல்ல ரோஜாத் தொட்டியில பளபளன்னு தொங்கினா வர்றவங்க 'ரீசைக்கிள் கடையா?'ன்னு கேப்பாங்க. அதுக்கு வழி இருக்கு. தொட்டிச் செடிக்குப் பென்சில்ல எழுதின பிளாஸ்டிக் அட்டையை மண்ணுக்குள்ள முழுசாப் புதைச்சுடுங்க. எப்பவும் ஒரே பக்கத்துல, தொட்டி விளிம்பை ஒட்டி. மண்ணுக்கடியில வெயில் இல்ல, அதனால பிளாஸ்டிக்கும் மொறுமொறுக்காது. மேல அழகுக்கு எதை வேணும்னாலும் வெச்சுக்கலாம். அது அலங்காரம், ஆதாரம் கீழ இருக்கு.

எல்லாத்தையும்விடப் பெரிய மறுப்பு ஒண்ணு இருக்கு, அதைப் பெரும்பாலும் யாரும் கேக்கறதே இல்ல: லேபிள் நூறு வருஷம் நின்னு, அதுல இருக்கிற பேரே தப்பா இருந்தா? இது கற்பனை இல்ல. நர்சரியில கன்னு கலந்து போகும். அதைவிட அடிக்கடி நடக்கிறது, ஒட்டின மேல் பாகம் பட்டுப்போய், ஒட்டுக்குக் கீழ இருக்கிற நாட்டு வேர்த்தண்டு தளதளன்னு கிளம்பிடும். பார்த்தா நல்ல ஆரோக்கியமான மரம், கழுத்துல முசாங் கிங் பட்டயம், காய்க்கிறது என்னமோ. பால்மரத்துல இந்தச் சந்தேகம் வந்தா தீர்த்துக்க மரமே ஒரு சாட்சி வெச்சிருக்கு. தோட்டத்துப் பிள்ளைங்க சிமெண்டுத் தரையில தேச்சு அடுத்தவன் கையில சுர்ருன்னு வெச்சு விளையாடற அந்த ரப்பர் கொட்டை இருக்கே, அதோட ஓடு தாய்மரத்தோட திசுவில இருந்து உண்டாகறது. மகரந்தம் எங்க இருந்து வந்தாலும் ஓட்டு மேல இருக்கிற புள்ளியும் கோடும், கொட்டையோட வடிவமும் தாய் ரகத்தைத்தான் காட்டும். அனுபவசாலிங்க கீழ கிடக்கிற கொட்டையைப் பொறுக்கிப் பார்த்து ரகம் சொன்னது அதனாலதான். மா, டுரியானுக்கு அந்த மாதிரி சுலபமான சாட்சி நம்ம கையில இல்ல, பழம் வர்ற வரைக்கும் லேபிளைத்தான் நம்பணும்.

அதனாலதான் மரத்துல நம்பர், புத்தகத்துல பேருன்னு அடம்பிடிக்கிறேன். '14'-ங்கிற எண் தப்பாகவே முடியாது, அது எதையும் சொல்லிக்கல. புத்தகத்துல 14-க்கு நேரா 'டி197, கடைக்காரர் சொன்னது'ன்னு எழுதுங்க. 'சொன்னது'ங்கிறதை விட்டுடாதீங்க. நட்ட மாசம், வருஷம், ஒட்டு தரையில இருந்து எத்தனை அங்குலம்ங்கிறதையும் சேர்த்துக்குங்க. பின்னாடி ஒட்டுக்குக் கீழ துளிர் கிளம்பினா அளந்து பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். பழம் வந்து ஏமாந்தது தெரிஞ்சா அந்த வரியை ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, கீழ உண்மையை எழுதினா ஆச்சு. மரத்துகிட்டப் போய் எதையும் கழட்ட வேண்டாம். புத்தகம் தொலைஞ்சா எல்லாம் போச்சேன்னு கவலைப்பட்டா, தகட்டோட மறுபக்கத்துலயே பேரையும் வருஷத்தையும் அழுத்தி வெச்சுடுங்க, இடம் தாராளமா இருக்கு. புத்தகத்துலயும் பென்சில்லதான் எழுதணும், மழைத்தண்ணி சொட்டினா பேனா மை ஊறி ஓடிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு வீட்டைக் கழுவற வாரத்துல, கம்பி வளையத்தை எல்லாம் ஒரு சுத்து தளர்த்தி விட்டுடுங்க. அந்த வாரம் எப்படியும் ஒரு ஆளை வெளிய விரட்டிடுவாங்க, அவருக்கும் ஒரு வேலை ஆச்சு.